பி-52'ஸ் முதல் ஆல்பம்: ரிக்கியின் கிடாரும் அந்தக் கடைசிப் பாட்டும்

டர்ன்டேபிளுக்குப் புது ஊசி போட்டாயிற்று என்றதும் நண்பர் கேட்டார்: "அந்த மஞ்சள் அட்டை எல்.பி.யை வாங்கலாமா?" 1979-ல் வந்த, பி-52'ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவின் முதல் ஆல்பத்தைச் சொல்கிறார். எழுபதுகளின் கடைசியில் கிளம்பிய நியூ வேவ் ராக் இசைப் பக்கம் ஒரு தடவையாவது ஒதுங்கியவர்களுக்கு இதிலுள்ள 'ராக் லாப்ஸ்டர்' பாட்டு தெரிந்திருக்கும், அதனால் அறிமுகத்தை விட்டுவிடுகிறேன். பல வருடமாக என்னிடம் இருக்கும் தட்டு இது. திரும்பத் திரும்ப இதை எடுக்க வைப்பது ரிக்கி வில்சனின் கிடார்.

அப்போது இந்தக் குழுவில் பேஸ் கிடாருக்கென்று, அதாவது அடியில் கனமான தாழ்ந்த சுரங்களை வாசிக்கவென்று, ஆள் கிடையாது. ரிக்கி தன் மோஸ்ரைட் கிடாரில் நடுக்கம்பிகளைக் கழற்றிவிட்டு, மிச்சத்தைத் தன் இஷ்டத்துக்குச் சுருதி மாற்றிக்கொண்டார். தடித்த கம்பிகள் பேஸ் வேலையைப் பார்க்கின்றன, மெல்லிய கம்பிகள் அதற்கு மேலே நின்று பதில் சொல்கின்றன. இடையில் ஒன்றுமே இல்லை. அந்தக் காலி இடத்தில்தான் கேட் பியர்சனின் ஃபார்ஃபிசா ஆர்கனும் கேட், சிண்டி வில்சன் இருவரின் குரல்களும் தாராளமாக உட்கார்ந்திருக்கின்றன. ரிக்கியின் கிடாரை மட்டும் கவனித்துக் கேளுங்கள், இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்று அடித்துச் சொல்வீர்கள். 'பிளானட் கிளேர்' பாதி ஓடும்வரை ஒரு வார்த்தை வராது. எனக்கு அது போதும்.

தயாரித்தவர் ஐலண்ட் ரெக்கார்ட்ஸ் நிறுவனர் கிறிஸ் பிளாக்வெல், பதிவு பஹாமாஸின் நசாவில். மேடையில் கேட்பது போலவே இருக்கட்டும் என்று பூச்சு வேலை அதிகம் செய்யாமல் விட்டார். சத்தம் ஒல்லியாக இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. ஒப்புக்கொள்ள மாட்டேன். கனமாக நிரப்பியிருந்தால் ரிக்கி செய்த அத்தனையும் அடியில் புதைந்திருக்கும். 1985-ல் எய்ட்ஸ் நோயால் அவர் இறந்தபோது வயது 32. அதற்குப் பிறகு டிரம்ஸிலிருந்து கிடாருக்கு மாறிய கீத் ஸ்ட்ரிக்லண்ட் நன்றாகவே வாசித்தார், பெரிய வெற்றிகளும் வந்தன. ஆனாலும் ரிக்கியின் விரலில் இருந்த அந்த வெடுக்கென்ற துள்ளல் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை.

குழுவின் ஆண் குரலான ஃப்ரெட் ஷ்னைடர் பாடுவதில்லை, அறிவிப்புச் செய்கிறார் என்று சிலருக்கு எரிச்சல். பழகிவிடும். 'ராக் லாப்ஸ்ட'ரின் கடைசிப் பகுதியில் அவர் கடல் பிராணிகளை ஒவ்வொன்றாக அழைக்க, பெண்கள் இருவரும் அவற்றின் குரலாகவே மாறும் இடத்தில் அவர் இல்லாவிட்டால் பாட்டே நிற்காது. 1980-ல் பெர்முடாவில் இதைக் கேட்ட பீட்டில்ஸ் புகழ் ஜான் லெனனுக்கு, வீறிட்டுப் பாடும் தன் மனைவி யோகோ ஓனோவின் குரல் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை.

இரண்டாம் பக்கத்தில் 'ஹீரோ வொர்ஷிப்'பைச் சிண்டி தொண்டை கிழியப் பாடித் தூக்கி நிறுத்துகிறார். மற்றவை முதல் பக்கத்துக்கு ஒரு படி கீழேதான், இருந்தும் கேட்கலாம். அதன்பின் வருகிறது 'டவுன்டவுன்'. 1964-ல் ஆங்கிலப் பாடகி பெட்டுலா கிளார்க் பாடிப் பிரபலமான பாட்டு. இதை ஏன் இங்கே வைத்தார்கள்? கையில் சரக்கு இல்லாத குழுவா இது? மறு வருடமே வந்த 'வைல்ட் பிளானட்' ஆல்பத்தின் பாட்டுகளில் சில அப்போதே மேடையில் ஓடிக்கொண்டிருந்தவை. அதில் ஒன்றை இங்கே இறக்கியிருக்கலாமே! எட்டுப் பாட்டில் யாருடைய சாயலும் இல்லாத ஓர் உலகத்தைக் கட்டிவிட்டு, ஒன்பதாவதில் அடுத்தவர் பாட்டைக் கலாட்டா செய்து முடிக்கிறார்கள். விருந்தில் பாடியிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். ஆல்பத்தின் கடைசி இடம் அதற்கல்ல. ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது, புது ஊசியில் இன்னும் துல்லியமாகக் கேட்டு இன்னும் அதிகமாக வந்தது.

ஆகவே நண்பருக்கு: இன்றைக்குக் கேட்டால் பத்துக்கு ஆறுதான் கொடுப்பேன். முதல் பக்கத்தோடு எழுந்திருந்தால் ஒன்பதரை கொடுத்திருப்பேன். விலை குறைவாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். முன்கூட்டிக் கேட்டுப் பார்ப்பதாக இருந்தால் போன் ஸ்பீக்கரில் வேண்டாம், ரிக்கியின் தடித்த கம்பிகள் அதில் கேட்காது.