போல்ட் பொருந்தியதை நம்பி வீல் மாற்றினேன்: பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பொள்ளாச்சிக்கு அருகே எங்களுக்கு ஒரு நாற்றுப்பண்ணை இருக்கிறது. 2017-இல் வாங்கிய இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ் பிக்கப்தான் பண்ணை வேலைக்கும் குடும்பத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2023 ஜூன் மாதம் தேய்ந்துபோன நான்கு டயர்களை மாற்றச் சென்ற கடையில், அவர்களுடைய பேச்சைக் கேட்டு அலாய் வீல்களையும் சேர்த்து மாற்றிக்கொண்டேன். மொத்தம் 1,08,000 ரூபாய் கொடுத்தேன். அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை என்பதைவிட, அந்த வீல்களோடு மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வால்பாறை மலைப்பாதையின் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் இருமுறை கடந்திருக்கிறேன் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

வண்டியோடு வந்த அளவு 245/70 ஆர்16. கடைக்காரர் 265/75 ஆர்16 அளவில் முரட்டுப் பட்டை கொண்ட டயர்களையும், டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிக்கென வந்ததாகச் சொன்ன 16 அங்குல அலாய் வீல்களையும் எடுத்துக் காட்டினார். என் வண்டிக்குப் பொருந்துமா என்று கேட்டதற்கு, “ஆறு போல்ட், 139.7 பிசிடி, ரெண்டுக்கும் ஒண்ணேதானுங்க அண்ணா, அப்படியே உக்காந்துக்கும்” என்றார். அவர் சொன்ன கணக்கு சரியானதுதான். போல்ட் துளைகளின் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டமான பிசிடி இரண்டு வண்டிகளுக்கும் 139.7 மில்லிமீட்டரே. ஆனால் வீலின் நடுவே, அதைத் தாங்கும் அச்சு முனையான ஹப்பின் மேல் ஏறி உட்காரும் துளைக்குத் தனியே ஓர் அளவு உண்டு என்பதை அவர் சொல்லவில்லை. எனக்கும் அப்போது தெரியாது. என் வண்டியின் ஹப்புக்கு அது 100.1 மில்லிமீட்டர். ஹைலக்ஸுக்கும் ஃபார்ச்சூனருக்கும் 106.1.

மூன்றாம் நாள் கோவை சாலையில் எழுபதைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்கியது. கடைக்குப் போனபோது பேலன்சிங் செய்து பணம் வாங்கினார்கள். அடுத்த வாரம் அலைன்மெண்ட். அதற்கடுத்து, ஸ்டியரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்றார்கள், அதையும் மாற்றினேன். நடுக்கம் நின்றபாடில்லை. கடைசியில் உக்கடம் பக்கம் பல ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியை ஜாக்கியில் தூக்கி, நட்டுகளைத் தளர்த்திவிட்டு, வீலை இரு கைகளாலும் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டிக் காட்டினார். “தம்பி, விரலை வெச்சுப் பாருங்க” என்று என் கையைப் பிடித்து ஹப்பின் விளிம்பில் வைத்தார். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. வீலை நடுவில் நிறுத்த வேண்டிய ஹப் அதைத் தொடவே இல்லை. ஆறு நட்டுகள் மட்டுமே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. அவற்றை எவ்வளவு கவனமாக முறுக்கினாலும் வீல் இம்மியளவு ஒருபக்கம் சாய்ந்து உட்காரும் என்றும், பேலன்சிங் செய்தும் பயனில்லாமல் போனது அதனால்தான் என்றும் விளக்கினார். இந்த இடைவெளியை அடைக்க மலிவான வளையங்கள் கிடைக்கின்றன. விற்றவர் நேர்மையாகச் சொல்லியிருந்தால் அதையாவது போட்டிருப்பேன்.

ஆனால் வீலைத் திருப்பி அதன் உட்புறத்தைப் பார்த்தபோது, வளையம் போட்டும் தீராத குறை ஒன்று தெரிந்தது. ஆரக்கால்களின் பின்னால் சிறிய எழுத்துகளில் மேக்ஸ் லோட் 690 கேஜி என்று வார்க்கப்பட்டிருந்தது. ஒரு வீல் தாங்கக்கூடிய உச்ச எடை அது, கார்களுக்குப் போதுமானது. அதே வாரம் வண்டியில் ஐந்து பேரை உட்காரவைத்து, பின்தொட்டியில் வழக்கமாக ஏற்றும் நாற்றுக் கூடைகளையும் ஏற்றி, எடை மேடையில் பின் சக்கரங்களை மட்டும் நிறுத்திப் பார்த்தேன். 1,440 கிலோ காட்டியது. வீலுக்கு 720 கிலோ. பள்ளத்தில் விழும்போதும் வளைவில் சாயும்போதும் ஒரு பக்கத்து வீலில் இறங்கும் எடை இதைவிட எவ்வளவோ கூடுதல். டயரின் பக்கவாட்டில் உள்ள சுமைக் குறியீட்டைப் பலரும் பார்ப்பார்கள், உதாரணமாக 111 என்றிருந்தால் 1,090 கிலோ தாங்கும். வீலுக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு என்பதை நான் கேட்டதும் இல்லை, எவரும் சொன்னதும் இல்லை.

டயர் அளவைப் பெரிதாக்கியதிலும் தொல்லைதான். பழைய டயரின் மொத்த விட்டம் சுமார் 749 மில்லிமீட்டர்; புதியது 804. ஏழு விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருப்பதால், ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 86-ஐ நெருங்கி ஓடும். ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் டயர் உட்புற மட்கார்டில் உரசியது. பழைய அளவிலேயே இருந்த ஸ்டெப்னியும் உதவாமல் போயிற்று. ஒருமுறை பங்சரானபோது பின்னால் அதை மாட்டி ஓட்டினேன், ஒரே அச்சின் இரு சக்கரங்களும் வெவ்வேறு விட்டத்தில் சுழன்றதால் நேர்ச்சாலையிலும், அவற்றை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் ஓயாமல் உழைக்க வேண்டியிருந்தது. சேற்றில் நான்கு சக்கர இயக்கத்தைப் போடவே அஞ்சினேன். ஹப்பில் பொருந்தும் முகம் வீல் அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று சொல்லும் ஆஃப்செட்டையும் எவரும் பார்க்கவில்லை. பின்புறத்தில் ஈடி என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் அது வார்க்கப்பட்டிருக்கும். பழையதைவிட எண் சிறியதாக இருந்தால் வீல் அவ்வளவுக்கு வெளியே தள்ளி நிற்கும், வீல் பேரிங்குக்குச் சுமை கூடும்.

டயர்களைக் கழற்றியபோது பெரியவர் இன்னொன்றையும் காட்டினார். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். அது பல டயர்களில் ஒரு பக்கத்தில்தான் முழுமையாக இருக்கும். எனக்கு நான்கு டயர்களிலும் அந்தப் பக்கத்தை உட்புறமாகத் திருப்பி மாட்டியிருந்தார்கள். டார்ச் அடித்துப் பார்த்தால் 1917 என்றிருந்தது: 2017-ஆம் ஆண்டின் 19-ஆவது வாரம். புதியது என்று முழு விலைக்கு வாங்கிய டயரின் வயது ஆறு ஆண்டுகள்.

இவ்வளவையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது என்னிடம் இருந்தது கையால் எழுதிய ஒரு எஸ்டிமேட் சீட்டு மட்டுமே. அன்று டயருக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காடு. பில் வேண்டாம் என்றால் விலை குறையும் என்று அவர்கள் சொன்னதற்கு நான் ஒப்புக்கொண்டது என் பெரும் தவறு. அந்தச் சீட்டில் டயரின் பெயரும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் அழைத்தபோது அவர்கள் முதலில் கேட்டது பில்தான். எக்ஸ்சேஞ்சில் கொடுத்த என் பழைய வீல்களையாவது திரும்பக் கேட்டேன், விற்றாகிவிட்டது என்றார்கள்.

வீல் மாற்றப் போகிறவர்கள், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் டயர் அளவுத் தாளைப் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். டயரை மாட்டுவதற்கு முன்பே வீலைக் குப்புறப் போடச் சொல்லி, அதில் வார்த்திருக்கும் எண்களை நீங்களே படியுங்கள். நடுத்துளையை அளக்கச் சொல்லுங்கள். டயரின் இரு பக்கங்களையும் பாருங்கள். அந்த எண்கள் பில்லில் ஏறிய பிறகு பணம் கொடுங்கள்.

இப்போது வண்டி பழைய அளவு டயர்களோடும், தேடிப் பிடித்து வாங்கிய கம்பெனி வீல்களோடும் ஓடுகிறது, நடுக்கம் இல்லை. அந்த நான்கு அலாய் வீல்களும் பண்ணைக் கொட்டகையில் சாய்ந்து கிடக்கின்றன. சென்ற மாதம் பக்கத்து ஊரிலிருந்து பிக்கப் வைத்திருக்கும் ஒருவர் விலை கேட்டு வந்தார். நான் ஒன்றைத் திருப்பிப் போட்டு 690 என்ற எண்ணைக் காட்டினேன். அவர் தன் வண்டியில் ஏற்றும் தேங்காய் மூட்டைகளின் எடையைக் கொஞ்ச நேரம் மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லிப் போய்விட்டார்.