மாலி ஆகவிருந்த செனகல் ஜேர்சி

புறக்கோட்டையில் ஒன்றே ஒன்றாக ஜேர்சி அடித்துத் தருகிற கடை ஒன்றைப் பற்றி இது. கடையின் பெயரைப் போடவில்லை. கீழே ஒரு பிழையைச் சொல்லப் போகிறேன். அதைச் சிரித்துக்கொண்டே திருத்தித் தந்தவர்களைக் காட்டிக்கொடுக்க மனமில்லை.

முதலில் துணி. என் அப்பா மெயின் வீதிப் புடவைக் கடை ஒன்றில் முப்பது வருடம் துணி வெட்டியவர். விரலிடுக்கில் வைத்துக் கசக்கி, பிறகு வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இந்தக் கடையில் மூன்று வகை மெஷ் காட்டினார்கள். மலிவானது வலை மாதிரி. வியர்வை பட்டால் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். நடுத்தரமானதை எடுத்தேன். கண்ணுக்குத் தெரியாத சிறு துளைகள், இழுத்துவிட்டால் பழைய நிலைக்கு வருகிறது, உள்பக்கம் சொரசொரப்பு இல்லை. கொழும்பு வெக்கைக்கு இதுவே சரி.

யாருக்கு என்று சொல்லவில்லையே. தங்கையின் மகனுக்கு. பதினாறு வயது, ஐந்தடி ஆறங்குலம், பாடசாலைக் கூடைப்பந்து அணியில் கார்ட், அதாவது பந்தை மேலே கொண்டுவருகிற ஆள். அவனுடைய அணியில் மற்றவர்கள் எல்லாரும் ஸ்டீஃபன் கறி, லெப்ரோன் என்று அமெரிக்க நட்சத்திரங்களின் பெயரைப் போட்டுத் திரிகிறார்கள். இவனுக்கு மட்டும் செனகல் வேண்டும், முதுகில் அந்த நாட்டுக் கூடைப்பந்து வீரர் ழான் ஜாக் புவாஸியின் பெயர் வேண்டும். காலி வீதியில் வெள்ளவத்தை முதல் கொள்ளுப்பிட்டி வரை ஏறி இறங்கினோம். பெயரைச் சொன்னதும் "ஃபுட்போலா அங்கிள்?" என்றுதான் கேட்டார்கள்.

எனக்கும் ஆரம்பத்தில் விளங்கவில்லை. செனகல் கூடைப்பந்து என்றால் என் நினைவில் இருந்தது உயரம்தான். ஏழடி டெசகானா ஜோப், அமெரிக்க லீக்கான என்பிஏயின் 2013 புதுவீரர் தெரிவில் 21ஆவதாகப் போன கோர்கி ஜெங், ஏழடி ஆறங்குல டாக்கோ ஃபால். வளையத்துக்குக் கீழே நிற்கிற ஆட்கள். நெட்போலில் நம்முடைய நெட்டையான தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது இயல்பாகவே பட்டது. மருமகன் சண்டைக்கு வந்தான். "மாமா, பந்தை மேலே கொண்டுவருகிறவன் யார்? நான் ஏழடி வளரப் போவதில்லை, எனக்கு ஜெங்கால் என்ன பிரயோசனம்?" என்றான். நியாயம்தான்.

அவன் சொல்லித்தான் புவாஸியின் கதை தெரியும். பதின்ம வயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேறுகிற உயரமான பையன்களின் பாதை இல்லை இவருடையது. டக்கரில், சுங்கத் திணைக்களத்தின் கழகமான ஏஎஸ் டுவானில் ஆடியவர். நம்மூரில் இராணுவம், விமானப்படை அணிகள் இருக்கின்றனவே, அந்த மாதிரி. அந்தச் சுங்கக்காரர்கள் 2023இல் ஆபிரிக்க லீக்கான பிஏஎல்லின் இறுதிப் போட்டிவரை போய், கிகாலியில் எகிப்தின் அல் அஹ்லியிடம் 80-65 என்று தோற்றார்கள். அதற்குப் பிறகு இவர் லிபியாவின் அல் அஹ்லி திரிப்பொலிக்குப் போகிறார். பெயர்தான் ஒன்று, கழகம் வேறு. 2025 ஜூன் 14, பிரிட்டோரியாவில் அந்த அணி அங்கோலாவின் பெட்ரோ அணியை 88-67 என்று அடித்து அதே லீக்கின் கிண்ணத்தை எடுக்கிறது, அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரர் புவாஸி. ஒரு அஹ்லியிடம் தோற்று இன்னொரு அஹ்லியோடு வென்றவர் என்று மருமகன் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். சரி, தேடுவோம் என்று முடிவு செய்தது அப்போதுதான்.

இனிக் கடை. மற்ற இடங்களில் குறைந்தது பத்து ஜேர்சி என்றார்கள், ஒரு இடத்தில் ஐந்து. இங்கே ஒன்று அடிப்பார்கள், ஆனால் 2,900 ரூபா. பத்து என்றால் ஒன்று 1,700 ஆகிறது. பேரம் பேசிப் பார்த்தேன், அசையவில்லை. சப்ளிமேஷன் பிரின்ட் என்பதால் அந்த விலையை ஒத்துக்கொண்டேன். மை, தாளில் இருந்து ஏறக்குறைய 200 பாகை சூட்டில் ஆவியாகி இழைக்குள்ளேயே இறங்கிவிடும். பொலியெஸ்டரில்தான் பிடிக்கும், பருத்தியில் பிடிக்காது. துணியும் வெள்ளையாக இருக்க வேண்டும். மேலே ஒட்டுகிற ஸ்டிக்கர் எண்கள் வேறு சாதி. போன வருடம் வேறெங்கோ ஒட்டி வாங்கிய ஜேர்சியில் 8ஆம் இலக்கம் நான்காவது துவையலில் இடப்பக்கம் உரிந்து 3 ஆகிவிட்டது.

எண் விஷயத்தில் ஒரு சின்ன வாக்குவாதம். டிசைன் செய்கிற தம்பி, "4இல் இருந்து 15க்குள் சொல்லுங்கள், அதுதான் சட்டம்" என்றார். அது பழைய சட்டம். நடுவர் விரலால் காட்டுகிற 1, 2, 3 புள்ளிகளோடு குழம்பக் கூடாது என்று சர்வதேசச் சம்மேளனம் அப்படி வைத்திருந்தது, 2014இல் தளர்த்திவிட்டார்கள். மருமகனின் எண் 9 என்பதால் சண்டை தேவைப்படவில்லை.

பெயரைத் தமிழில் அடிக்கலாமா என்று கேட்டேன். தம்பி உற்சாகமாகிவிட்டார். அங்கேதான் சிக்கல். மருமகன் இவ்வளவு நாளும் "பொய்ஸி" என்று சொல்லிக்கொண்டிருந்தான். தமிழில் முதுகில் "பொய்" என்று எழுதிக்கொண்டு யாராவது ஆடுவார்களா? பாரிஸில் லாச்சப்பலில் இருக்கும் மச்சாளுக்கு அங்கிருந்தே வட்ஸ்அப் போட்டேன். "பிரெஞ்சில் ஓவும் ஐயும் சேர்ந்து வந்தால் 'வா' என்றுதான் சத்தம் வரும், புவாஸி" என்று தீர்ப்பு வந்தது. தம்பி பழைய பாமினி எழுத்துருவில் தட்டினார். கொழும்புப் பெயர்ப்பலகைகளில் தமிழ் படும் பாட்டைப் பார்த்தவன் என்பதால் ஒவ்வொரு எழுத்தாகச் சரி பார்த்தேன். ஒரு பிழை இல்லை. கிட்டத்தட்டக் கட்டிப்பிடித்திருப்பேன்.

எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கொடியை விட்டுவிட்டேன். நான்காம் நாள் எடுக்கப் போனால் நெஞ்சில் பச்சை, மஞ்சள், சிவப்பு, அழகாக. மருமகன் வாங்கினான், விரித்தான், பேச்சில்லை. நடுவில் பச்சை நட்சத்திரம் இல்லை. நட்சத்திரம் இல்லாவிட்டால் அது மாலியின் கொடி! அதே 2025இல் ஆபிரிக்கக் கூடைப்பந்துக் கிண்ண அரையிறுதியில் செனகலை வெளியே அனுப்பியதும் மாலிதான். செனகலுக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது. இந்தியக் கிரிக்கெட் சட்டையில் பாகிஸ்தான் கொடி குத்தின மாதிரி.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். தம்பி கைபேசியில் இரண்டு கொடிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "ஐயோ அங்கிள், இது என் பிழை" என்றார். வாதம் இல்லை, "நீங்கள் சொல்லவில்லையே" இல்லை. முன்பக்கத்தைப் புதிதாக அடித்துத் தைத்து மறுநாள் மாலை தந்தார், மேலதிகக் காசு கேட்கவில்லை. நட்சத்திரத்தைச் சும்மா மேலே ஒட்டிச் சமாளித்திருக்கலாம். செய்யவில்லை. இந்த ஊரில் இது பெரிய விஷயம்.

குறை உண்டு. கைத்துளை ஆழம் கூடிவிட்டது. கையைத் தூக்கினால் விலா எலும்பு எண்ணலாம். கழுத்துப் பட்டியின் தையல் ஒரு இடத்தில் கோணல், அப்பா இருந்திருந்தால் பிரித்துத் தைக்கச் சொல்லியிருப்பார். மற்றபடி இரண்டு மாதம், வாரம் மூன்று துவையல், சிமெந்துத் தரையில் இரண்டு தடவை விழுந்து தேய்த்ததும் சேர்த்து, நிறம் மங்கவில்லை.

இப்போது அணியில் இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள். அவர்களுக்குப் புவாஸி வேண்டாமாம், தங்கள் சொந்தப் பெயர் போதுமாம். போகிறவர்கள் காலை பத்தரைக்கு முன் போங்கள், பிறகு படியில் கால் வைக்க இடமிருக்காது. காசாகக் கொண்டுபோங்கள், வங்கி அட்டை எடுக்க மாட்டார்கள். கொடி வேண்டுமென்றால் படத்தைக் கைபேசியில் வைத்துக்கொண்டு, கணினித் திரையில் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஓம் சொல்லுங்கள்.