“கேஸ் போயிருச்சுக்கா”: ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்கு ஆள் கூப்பிடும் முன் படித்துவிடுங்கள்

மதுரையில் ஃப்ரிட்ஜ் சர்வீஸுக்கு இணையத்தில் தேடிப் போன் செய்யப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேறு ஊரில் இருந்தாலும் படியுங்கள், ஊர்தான் வேறு, வித்தை ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டு கதவு ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ். வாங்கி நான்கு வருடம் தாண்டிவிட்டது. கத்திரி தொடங்கும் முன்பே வெயில் கொளுத்திய நேரத்தில் கீழ்ப்பகுதி குளிர்வது நின்றுபோனது. மேலே ஃப்ரீசரில் ஐஸ் இருக்கிறது. கீழே வைத்த பால் திரிகிறது, காலையில் ஆட்டிய மாவு சாயங்காலமே புளித்துப் பொங்கி மூடியைத் தள்ளுகிறது. மாவும் பாலும் போனால் போகட்டும். அத்தைக்கு இன்சுலின் போடுகிறோம், திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். அதைப் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கக் கொடுத்துவிட்டு, கம்பெனி பெயரோடு சர்வீஸ், மதுரை என்று போட்டுத் தேடினார் என் கணவர். மேலே முதலில் வந்த எண்ணை அழைத்தார்.

எடுத்த பெண் கம்பெனி பெயரைச் சொல்லித்தான் வணக்கம் சொன்னார். முகவரி வாங்கிக்கொண்டார், விசிட்டிங் சார்ஜ் 350 என்றார். சீரியல் நம்பரைக் கேட்கவில்லை, எப்போது வாங்கினீர்கள் என்றும் கேட்கவில்லை. உண்மையான சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் அந்த இரண்டையும் கேட்பார்கள். வாரண்டி இருக்கிறதா இல்லையா என்று அதில்தான் அவர்களுக்குத் தெரியும்.

மதியத்துக்குள் இரண்டு பையன்கள் வந்தார்கள். கழுத்தில் அடையாள அட்டை, அதில் கம்பெனி லோகோ. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார்கள், பக்கவாட்டில் கையை வைத்தார்கள். “சைடு எப்படி சூடா இருக்கு பாருங்கக்கா. கேஸ் போயிருச்சு. இப்படியே ஓட விட்டா கம்ப்ரசர் காலி, பன்னெண்டாயிரம் ஆகும். இப்பவே கேஸ் அடிச்சிட்டா 4,800-ல முடிஞ்சிரும்.” ஒரு மீட்டர் எடுத்து எதையும் அளக்கவில்லை. ஃப்ரீசருக்குள் இருக்கும் பின்பக்க மூடியைக் கழற்றவில்லை. பேரம் பேசி 4,200-க்கு வந்தார்கள்.

அந்தப் பக்கவாட்டுச் சூட்டைப் பற்றி இப்போது தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை வைத்துத்தான் பலரை மடக்குகிறார்கள். பழைய ஃப்ரிட்ஜ்களில் பின்னால் கறுப்பாக ஒரு கம்பி வலை இருக்கும், அதுதான் வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சர். இப்போது வரும் பெரும்பாலான மாடல்களில் அந்தக் குழாயைப் பக்கச் சுவருக்குள்ளேயே பதித்துவிடுகிறார்கள். அதனால் வெயில் காலத்தில் பக்கவாட்டில் கை வைத்தால் சுடத்தான் செய்யும். கேஸ் ஓடுகிறது, உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து வெளியே கொட்டுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கேஸ் முழுக்கப் போயிருந்தால் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தும் பக்கச் சுவர் சூடேறாது. நடப்பதற்கு நேர் எதிராகச் சொல்லிப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

வேலையும் அப்படித்தான். ஃப்ரிட்ஜை அணைத்துக் கதவுகளைத் திறந்து வைத்தார்கள். பின்னால் கம்ப்ரசர் பக்கம் ஒரு குழாயை வெட்டி வால்வு வைத்து, கொண்டுவந்த சிலிண்டரிலிருந்து கேஸ் ஏற்றினார்கள். குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப் கிடையாது, எடை பார்க்கத் தராசு கிடையாது. ஃப்ரீசரில் இருந்த ஐஸ் சீக்கிரம் உருகட்டும் என்று என் ஹேர் டிரையரையே வாங்கி உள்ளே காட்டினார்கள். பணம் ஒரு தனி ஆளின் பெயரில் இருந்த யுபிஐ கணக்குக்குப் போனது. கையில் கொடுத்த ரசீதில் 90 நாள் வாரண்டி என்று அச்சடித்திருந்தது, ஆனால் முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

ஃப்ரிட்ஜ் நன்றாகவே குளிர்ந்தது. அதுதான் இந்த ஏமாற்றின் சூட்சுமம். ஒரு வாரம், பத்து நாள் போனதும் பழையபடி கீழே வெதுவெதுப்பு. மறுபடி அதே எண்ணுக்கு அடித்தோம். இந்த முறை வேறு ஒருவர் வந்தார். “கேஸ் ஓகேக்கா, போர்டு போயிருக்கு. 6,500 ஆகும். ஃப்ரிட்ஜை ஒர்க்‌ஷாப்புக்கு எடுத்துட்டுப் போறோம், ரெண்டு நாள்ல வந்துரும்.” எந்த ஒர்க்‌ஷாப், எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “புதூர் பக்கம்” என்பதற்கு மேல் பதில் வரவில்லை. அனுப்ப முடியாது என்று சொன்னதும் முகம் மாறியது. விசிட்டிங் சார்ஜ் கொடுங்கள் என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். மேல் வீட்டுக்காரர் இறங்கி வந்த பிறகுதான் கிளம்பினார். நல்ல ஃப்ரிட்ஜை எடுத்துப் போய் உள்ளே இருக்கும் கம்ப்ரசரையே மாற்றி வைத்துவிடுவதும் உண்டு என்று பின்னால் ஒரு மெக்கானிக் சொன்னார்.

அத்தைதான் பீரோவிலிருந்து பழைய பில்லையும் வாரண்டி கார்டையும் தேடி எடுத்துக் கொடுத்தார். அதில் இருந்த எண்ணுக்கு அழைத்தால், உங்கள் சீரியல் நம்பரில் இதுவரை ஒரு புகாரும் பதிவாகவில்லையே என்கிறார்கள். அப்போதுதான் முதலில் வந்தவர்களுக்கும் கம்பெனிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று உறுதியானது.

கம்பெனி டெக்னீஷியன் வந்ததும் செய்த முதல் வேலை, ஃப்ரீசரின் பின் மூடியைக் கழற்றியது. உள்ளே இருந்த குளிர்க்குழாய் கண்ணுக்கே தெரியவில்லை, முழுக்க ஐஸ் பாறை. பெரும்பாலான ஃப்ராஸ்ட் ஃப்ரீ ஃப்ரிட்ஜ்களில் குளிர் உண்டாவது அந்த ஓர் இடத்தில்தான். அங்கிருந்து ஒரு சின்ன ஃபேன் குளிர்ந்த காற்றைக் கீழே தள்ளுகிறது. குழாய் மேல் பனி படியாமல் இருக்க, சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு ஹீட்டர் தானாக ஓடி அதை உருக்கும். அந்த ஹீட்டருக்குக் கரண்ட் போகும் வழியில் ஒரு தெர்மல் ஃப்யூஸ் இருக்கிறது. அது போய்விட்டால் ஹீட்டர் ஓடாது, பனி ஏறிக்கொண்டே போய்க் காற்று வரும் வழியை அடைத்துவிடும். மேலே குளிரும், கீழே குளிராது. எங்கள் வீட்டில் போனது அந்த ஃப்யூஸ் மட்டும்தான். மீட்டரை வைத்து எங்களுக்கும் காட்டினார். முதலில் வந்தவர்கள் ஐஸை உருக்கிவிட்டுப் போனதால்தான் சில நாள் குளிர்ந்தது, அவர்கள் ஏற்றிய கேஸால் இல்லை.

ஃப்யூஸ், சர்வீஸ் சார்ஜ், வரி எல்லாம் சேர்த்து 1,300 சொச்சம். அதோடு முடிந்திருக்க வேண்டியது. முடியவில்லை. ஃப்ரிட்ஜின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளைக் காட்டினார். R600a, 52 கிராம் என்று போட்டிருக்கிறது. “இதுல என்ன கேஸ் ஏத்தினாங்க மேடம்? எவ்வளவு ஏத்தினாங்க?” யாருக்குத் தெரியும்? R600a என்பது ஐசோபியூட்டேன், தீப்பற்றக்கூடியது, கம்ப்ரசர் மேல் மஞ்சள் முக்கோணத்தில் நெருப்புப் படம் போட்டு ஒட்டியிருப்பார்கள். வீட்டு ஃப்ரிட்ஜுக்கு அது சில பத்து கிராம்தான் தேவை, எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். பழைய மாடல்களுக்கான R134a என்ற கேஸை இதில் கலந்தால் பிரஷர் கணக்கே மாறிவிடும். கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தார், கம்ப்ரசர் இழுக்கும் கரண்ட் அதிகமாக இருந்தது. இருந்த கேஸை எடுத்து, ஃபில்டரை மாற்றி, வேக்கம் போட்டு, புதிதாக எடை போட்டு ஏற்ற வேண்டியிருந்தது. அதற்குத் தனியாக 3,400. ஜாப் ஷீட்டில், வெளி ஆள் குழாயை வெட்டியிருக்கிறார் என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். நாளைக்குக் கம்ப்ரசர் போனால் வாரண்டி கேட்பது சிரமம்தான்.

ஃப்ரிட்ஜில் கேஸ் தானாகக் குறையாது. அது முழுக்க மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். ஓட்டை எங்கே என்று காட்டாமல், அதை அடைக்காமல், கேஸ் மட்டும் ஏற்றுகிறேன் என்று ஒருவர் சொன்னால் ஃப்ரிட்ஜைத் தொட விடாதீர்கள். உண்மையாகவே கேஸ் போவதும் உண்டு. என் அம்மா வீட்டில் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஐஸ் பெட்டியைக் கத்தியால் குத்திச் சுரண்டப் போய், புஸ் என்று சத்தம் வந்து எல்லாம் போயிற்று. அங்கே மெக்கானிக் ஓட்டையைக் காட்டினார், அடைத்தார், ஃபில்டர் மாற்றினார், வேக்கம் போட்டார், அப்புறம்தான் கேஸ் ஏற்றினார். அரை நாள் வேலை. அரை மணி நேரத்தில் முடிகிற காரியம் இல்லை அது.

ஆளைக் கூப்பிடும் முன் வீட்டிலேயே சிலவற்றைப் பார்த்துவிடலாம். எங்களுக்கு வந்ததுபோல மேலே குளிர்ந்து கீழே குளிரவில்லை என்றால், பிளக்கைப் பிடுங்கி, இரண்டு கதவையும் திறந்து ஒரு நாள் முழுக்க விடுங்கள். போட்டதும் சரியாகி, சில நாளில் திரும்ப வந்தால் பெரும்பாலும் டிஃப்ராஸ்ட், அதாவது பனியை உருக்கும் பகுதியின் கோளாறுதான். வருகிற மெக்கானிக்கிடம் இதைச் சொன்னாலே, விவரம் தெரிந்த வீடு என்று புரிந்துகொள்வார். காய்கறி டிரேக்கு அடியில் தண்ணீர் தேங்கினால், உருகிய நீர் வெளியே போகும் சின்ன ஓட்டை அடைத்திருக்கும். ஒற்றைக் கதவில் அது உள்ளே பின்சுவரின் அடியில் தெரியும், ஊசி இல்லாத சிரிஞ்சில் வெந்நீர் எடுத்து அடித்தால் திறந்துகொள்ளும். கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், பிடிமானமே இல்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் லைட் எரிந்து கம்ப்ரசர் மட்டும் ஓடாமல் ‘டிக்’ என்று விட்டுவிட்டுச் சத்தம் வந்தால், கம்ப்ரசரை ஓடத் தொடங்க வைக்கும் ரிலே போயிருக்கவோ வோல்டேஜ் குறைவாக இருக்கவோ வாய்ப்பு அதிகம். ரிலே சில நூறு ரூபாய்ச் சாமான். அதைப் பார்க்காமலே கம்ப்ரசர் மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

புதிது வாங்கப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல இருக்கிறது. கடையில் ‘10 வருட வாரண்டி’ என்று கதவில் பெரிதாக ஒட்டியிருப்பது பெரும்பாலும் கம்ப்ரசர் என்ற ஒரு சாமானுக்கு மட்டும். கேஸ், கூலி, வண்டி வாடகை அதில் சேராது. மற்ற எல்லாவற்றுக்கும் சாதாரணமாக ஒரு வருடம்தான். கடைக்காரர் தள்ளிவிடும் கூடுதல் வாரண்டி கம்பெனியுடையதா, வேறு யாருடையதா என்று எழுத்தில் கேளுங்கள். ஸ்டார் லேபிளில் எத்தனை நட்சத்திரம் என்பதோடு வருடத்துக்கு எத்தனை யூனிட், லேபிள் எந்தக் காலத்துக்கு உரியது என்பதையும் பாருங்கள். அளவுகோலைச் சில வருடத்துக்கு ஒருமுறை கடுமையாக்குகிறார்கள், அதனால் பழைய ஐந்து நட்சத்திரம் புதுக் கணக்கில் ஐந்தாக இருக்காது. இரண்டு மூன்று பேர் வீட்டுக்கு ஒற்றைக் கதவே போதும் என்பது என் கட்சி. ஃபேன், ஹீட்டர், சென்சார் என்று கெட்டுப்போகச் சாமான் குறைவு. வைஃபை, கதவில் திரை இதெல்லாம் எனக்குப் புரியாத ஆசை. எந்த பிராண்டாக இருந்தாலும், உங்கள் ஊரில் அதற்குச் சொந்த சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கம்பெனியின் இணையதளத்தில் பார்த்து, அந்த எண்ணைப் போனில் ஏற்றிவிடுங்கள். பில்லையும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் தேடும்போதுதான் இந்த ஆட்கள் முன்னால் வந்து நிற்கிறார்கள்.

புகார் கொடுத்தோமா என்று கேட்பீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்தோம். பணம் யுபிஐ-யில் போனதால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் அழைத்தோம். இதற்குப் பணம் போன உடனே அழைப்பதுதான் பலன் தரும், நாங்கள் அழைத்தபோது தாமதமாகிவிட்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருட அவகாசமும் இருக்கிறது. எல்லாம் சரி, நோட்டீஸ் அனுப்ப எதிராளிக்கு ஒரு முகவரி வேண்டுமே. ரசீதில் அதுதான் இல்லை. அதனால்தான் சொல்கிறேன், பணம் கொடுக்கும் முன்பே முகவரியும் ஜிஎஸ்டி எண்ணும் உள்ள பில்லைக் கேளுங்கள், தர மறுத்தால் வேலையையே ஆரம்பிக்க விடாதீர்கள்.

கொடுத்த பணத்தில் ஒரு ரூபாய்கூட இதுவரை திரும்பவில்லை. இணையத் தேடலில் அந்த எண்ணோடு வந்த பதிவைப் போலி என்று குறித்து அனுப்பியதில் சில நாள் காணாமல் போனது. போன வாரம் என் தங்கை வாஷிங் மெஷின் சர்வீஸுக்குத் தேடியபோது, அதே எண் வேறொரு கம்பெனியின் பெயரில் முதலாவதாக வந்து நிற்கிறது.