புழங்கும் ஆங்கிலத்துக்கு ‘ஃப்ரெண்ட்ஸ்’ எப்படி? ஒன்றரை வருட அனுபவம்

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று சொல்ல முடியாது. கணக்குப் பிரிவில் வேலை. ‘ரிகன்சிலியேஷன்’, ‘டிப்ரிசியேஷன்’ எல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் குழாய் சொட்டுகிறது, மூடி இறுகிவிட்டது, துணியைப் பிழி, சிந்தியதைத் துடை என்று வீட்டில் தினமும் சொல்வதையெல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல வாய் வராது. நான் படித்த ஆங்கிலம் முழுக்கக் காகிதத்தில் வந்தது, அதில் சமையலறையே கிடையாது. அந்தக் குறை தீரத்தான் ‘ஃப்ரெண்ட்ஸ்’ பார்க்க ஆரம்பித்தேன். 1994 முதல் 2004 வரை வந்த அமெரிக்கத் தொடர். பத்து சீசன், 236 எபிசோடு, ஒவ்வொன்றும் சுமார் 22 நிமிடம். கதை நல்லதா, சிரிப்பு வருகிறதா என்பதை விட்டுவிடுகிறேன். சொல் கற்றுத்தருகிறதா என்பதுதான் என் கேள்வி.

கற்றுத்தருகிறது, அதுவும் அகராதியால் முடியாத விதத்தில். ஐந்தாவது சீசனில் ராஸ், ரேச்சல், சாண்ட்லர் என்ற மூன்று நண்பர்கள் ஒரு சோபாவை மாடிப்படி வழியாகத் தூக்கிக்கொண்டு போகும் காட்சி இருக்கிறது. படி திரும்பும் இடத்தில் சோபா சிக்கிக்கொள்கிறது. ராஸ் ‘பிவட்! பிவட்!’ என்று கத்திக்கொண்டே இருக்கிறான். அதற்கு முன் எனக்கு ‘டர்ன்’ தெரியும், ‘பிவட்’ தெரியாது. ஒரு முனையை ஊன்றிக்கொண்டு மறுமுனையைத் திருப்புவது என்பதை அந்த மூன்று பேரின் தோளும் கையுமே சொல்லிவிட்டன. சில மாதம் கழித்து ஒரு மீட்டிங்கில், கம்பெனி ‘பிவட்’ செய்யப் போகிறது என்றார்கள். எனக்குச் சோபாதான் கண்ணில் வந்தது. கால் ஊன்றிய இடம் அதேதான், திசைதான் மாறுகிறது என்று உடனே புரிந்தது.

அப்புறம் ‘பிரேக்’. நமக்கு வண்டி பிரேக் தெரியும், டீ பிரேக் தெரியும். இந்தத் தொடரில் ‘ஆன் எ பிரேக்’ என்ற ஒரு சொற்றொடரை வைத்து ராஸும் ரேச்சலும் வருடக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். தற்காலிகமாகத் தள்ளியிருந்தார்களா, உறவே முடிந்துவிட்டதா என்பதுதான் வழக்கு. ‘பிரேக் அப்’, ‘டேக் எ பிரேக்’, ‘ஆன் எ பிரேக்’ மூன்றும் எனக்கு ஒன்றாகவே கேட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சண்டைக்குப் பிறகு அவற்றை நான் குழப்பிக்கொண்டதே இல்லை.

ஸ்டூவர்ட் வெப், மைக்கேல் ராட்ஜர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2009இல் 88 தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் பேச்சை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அதிகம் புழங்கும் 3,000 சொற்குடும்பங்களும் (‘ரன்’, ‘ரன்னிங்’ போல ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை சேர்ந்தது ஒரு குடும்பம்) ஆள், ஊர்ப் பெயர்களும் தெரிந்தால், பேசப்படும் சொற்களில் சுமார் 95 சதவீதம் அதில் அடங்கிவிடுகிறது. இதைப் படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. அந்தச் சொற்களில் பாதிக்கு மேல் எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாமல் இருந்தது அவை சேர்ந்து வரும்போது ஆகும் பொருள்தான். ‘ரன்’ தெரியும், ‘அவுட்’ தெரியும், பால் தீர்ந்துபோனதற்கு ‘ரன் அவுட்’ என்பார்கள் என்று தெரியாது. சின்னச் சொற்கள்தான் ஆளைக் கவிழ்க்கின்றன.

சப்டைட்டில் பற்றி அழுத்திச் சொல்கிறேன். தமிழில் வைக்காதீர்கள். இரண்டு மொழியிலும் வரி காட்டும் ஒரு செயலியைக் கொஞ்ச நாள் பயன்படுத்தினேன். கண் தமிழ் வரியிலேயே நின்றது, காது வேலையே செய்யவில்லை. போதாததற்கு, ஒருவர் காபி வேண்டுமா என்று கேட்க, மற்றவர் ‘ஐம் குட்’ என்கிறார். கீழே ‘நான் நல்லவன்’ என்று வந்தது. எனக்கு வேண்டாம் என்பதுதான் அங்கே பொருள். இப்போது என் வழி இதுதான்: இரண்டு மூன்று நிமிடக் காட்சி ஒன்றே ஒன்று. முதல் தடவை எழுத்தே இல்லாமல், அடுத்து ஆங்கில எழுத்தோடு, பிறகு நிறுத்தி நிறுத்தி வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. ‘டிட் யூ’ என்று நாம் பிரித்துச் சொல்வது அவர்கள் வாயில் ‘டிஜூ’ ஆகிவிடும். அந்த ஒட்டலை வாயால் சொன்ன பிறகுதான் காது பிடிக்கிறது. நோட்டில் சொல்லுக்கு அர்த்தம் எழுதுவதில்லை. யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னார்கள் என்றுதான் எழுதுகிறேன்.

குறைகள் உண்டு. சாண்ட்லர் பேசுவதில் பாதி எதிர்மறைக் கிண்டல். ‘சூப்பர்’ என்றால் ‘மோசம்’ என்று அர்த்தம். முகத்தைப் பார்க்காமல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டால் தப்பாகக் கற்றுக்கொள்வீர்கள். பின்னணிச் சிரிப்பு சில சமயம் அடுத்த வரியின் தொடக்கத்தை விழுங்கிவிடும். பேஜர், ஆன்சரிங் மெஷின் என்று இப்போது பயன்படாத பொருள்களின் பெயர்களும் வரும், அவற்றைத் தாண்டிவிடலாம். எல்லாமே அமெரிக்க வழக்கு. பிரிட்டிஷ் ஆங்கிலம் தேவைப்படுகிறவர்களுக்கு குழாயைக் குறிக்கும் ‘டேப்’ இங்கே ‘ஃபாசெட்’ ஆக இருப்பது தொந்தரவுதான். எளிய வாக்கியம்கூடப் பழகாதவர்கள் இதில் தொடங்க வேண்டாம், பேச்சின் வேகமே விரட்டிவிடும்.

மற்றவர்கள் தாராளமாகத் தொடங்கலாம். முதல் எபிசோடிலிருந்து வரிசையாகப் போக வேண்டும் என்பதில்லை. அந்தச் சோபா காட்சியை எடுங்கள், ஒலியை முழுக்க நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள், அங்கே என்ன பேசியிருப்பார்கள் என்று நீங்களே ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். பிறகு ஒலியைக் கூட்டுங்கள்.