சூமோ: நாலு ரோடு சிக்னலைத் திரையில் ஓட்டிப் பார்க்க

புது சிக்னல் நேரத்தை நேரடியாக ரோட்டில் போட்டுச் சோதிக்கக் கூடாது. ஆம்புலன்ஸும் பள்ளி வேனும் அதே வழியில்தான் வரும். தருமபுரியில் போக்குவரத்துப் பொறியியல் பாடம் எடுக்கிறேன். என் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது, சாலைப் போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிக் காட்டும் சூமோ மென்பொருளைத்தான். ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமான டிஎல்ஆர் உருவாக்கியது, 2001 முதல் கிடைக்கிறது. காசு கிடையாது.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் நாலு ரோடு சந்திப்பைச் சுற்றிக் கட்டம் போட்டுக் கொடுத்தால், சாலை வலையை சூமோவே கட்டிவிடும். அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். லேன் எண்ணிக்கை, எந்தப் பக்கம் திரும்பலாம் என்பதையெல்லாம் சூமோவோடு வரும் நெட்எடிட் என்ற திருத்தும் கருவியில் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கணும்.

சூமோவின் உயிர்நாடி டிராசி, அதாவது வெளியிலிருந்து நிரல் மூலம் அதைக் கட்டுப்படுத்தும் இணைப்பு. வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பைத்தான் நிரல் உள்ளே பேசும். பென்னாகரம் ரோட்டில் எத்தனை வண்டி நிற்கிறது என்று நொடிக்கு நொடி கேட்டு, வரிசை நீண்டால் பச்சையை நீட்டலாம், காலியானால் உடனே வெட்டலாம். ஒரு பக்கம் 10 விநாடி கூட்டினால், சேலம் பக்கம் வரிசை எப்படி வளர்கிறது என்று கண்ணெதிரே தெரியும். மாணவர்கள் முகம் மலர்வது அங்கேதான்!

பெரிய குறை ஒன்று உண்டு. சூமோவில் இயல்பாக ஒரு லேனில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நிற்கும். நம் ஊரில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் பைக் புகுந்து முன்னால் வந்துவிடுமே! ஒரு லேனைச் சிறு பட்டைகளாகப் பிரிக்கும் சப்லேன் வசதியை இயக்கினால் ஓரளவு சரியாகும், ஆனால் மென்பொருள் ஓடும் வேகம் குறையும்.

வண்டிக் கணக்கை மட்டும் நீங்களே சந்திப்பில் நின்று எடுங்கள். காலை பள்ளி நேரத்தைத் தனியாக எடுக்கணும்.