காரைக்குடியில் என் பையனுக்கு டிரிப் ஏற்றும் குழந்தைகள் கிளினிக்: நாலு ஸ்டார்

இரண்டு வயதுக்குள் இரண்டு தடவை நிமோனியா. காதில் சீழ் எத்தனை தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம். முன்னால் பார்த்த இடத்தில் ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் சிரப் கொடுப்பார்கள், சரியாகும், அடுத்த மாதம் திரும்பவும் அதே. அப்பத்தா மிளகாய் சுற்றிப் போட்டது தனிக்கதை.

இந்த டாக்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார், மறுபடியும் பார்த்தார். "டான்சில் இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமே இல்லையேம்மா" என்றார். அப்புறம், "உங்க அம்மா வழியில ஆம்பளப் பிள்ளை யாராவது சின்ன வயசுல தவறியிருக்காங்களா?" மூன்று வயதில் நெஞ்சுச்சளியில் போன ஒரு தாய்மாமனைப் பற்றி ஆயா சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவருக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது, அவரை ஒரு டாக்டர் விசாரிப்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

ரத்தம் மதுரைக்குப் போனது. ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற நோய் எதிர்ப்புப் புரதங்கள் மூன்றுமே அடிமட்டம், அவற்றை உண்டாக்கும் பி செல் இல்லவே இல்லை என்கிற அளவு. எக்ஸ் லிங்க்டு அகாமாகுளோபுலினீமியா, அதாவது பிறவியிலேயே உடம்பு அந்தப் புரதங்களைச் செய்ய முடியாத நோய். 1952இல் புருட்டன் என்ற டாக்டர் எழுதி வைத்த நோய், பிடிகே ஜீன் கோளாறு, தாய் வழியாகப் பையன்களுக்கு வருவது. முதல் ஆறு மாதம் அவன் நன்றாக இருந்தது நான் கொடுத்தனுப்பிய எதிர்ப்புச் சக்தியில்தானாம்.

இப்போது நாலு வாரத்துக்கு ஒரு தடவை ஐவிஐஜி, அதாவது மற்றவர்கள் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த அந்த எதிர்ப்புப் புரதத்தை டிரிப்பாக ஏற்றுவது. 12 கிலோ பையனுக்கு 5 கிராம் பாட்டில், விலை கையைக் கடிக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் குளிர் விட்ட பிறகுதான் ஏற்றுவார்கள். நுரை கட்டும் என்று பாட்டிலைக் குலுக்க விடமாட்டார் சிஸ்டர். முதல் அரை மணி சொட்டுச் சொட்டாக விட்டு, காய்ச்சல், நாடி பார்த்து வேகம் கூட்டுகிறார்கள். பாட்டில் நம்பரை நம் நோட்டிலும் எழுதித் தருகிறார்கள். போலியோ சொட்டு மருந்து இவனுக்கு மட்டுமில்லை, வீட்டில் இருக்கும் கைக்குழந்தைத் தங்கச்சிக்கும் கூடாது, ஊசிதான் என்று சொன்னதும் இங்கேதான்.

ஒரு ஸ்டார் குறைத்ததற்குக் காரணம், போன் எடுக்கவே மாட்டார்கள். டிரிப் ஓடும் அரை நாளும் கூட இருப்பவருக்கு ஒரு ஸ்டூல்தான். முகூர்த்த நாளில் வண்டி நிறுத்த இடம் தேடிப் பயனில்லை.

போகிறவர்கள் முந்தின நாளே பிள்ளைக்கு நிறையத் தண்ணீர் கொடுங்கள், நரம்பு சட்டென்று கிடைக்கும்.