பாப்-அப் ஹெட்லைட்: சரிசெய்து வைத்துக்கொள்வதா, கழற்றிவிட்டு நிலையான விளக்கு போடுவதா?

தேவைப்படும்போது மட்டும் பானெட்டுக்குள்ளிருந்து எழும் விளக்குதான் பாப்-அப் ஹெட்லைட். அது உள்ள முதல் தலைமுறை மஸ்டா எம்எக்ஸ்-5 காரை வைத்திருப்பவர்களுக்கு என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி வந்துவிடும். ஒரு பக்க விளக்கு பாதியில் நிற்கும், இல்லையென்றால் மேடுபள்ளத்தில் ஒளி குதிக்கும். அந்த மெக்கானிசத்தையே எடுத்துவிட்டு நிலையான விளக்கு கிட் மாட்டலாமா, இருப்பதைச் சரிசெய்யலாமா? நான் சரிசெய்தேன், இன்னொரு முறை வந்தாலும் அதையேதான் செய்வேன்.

கிட்டின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. முன்மூக்கில் எடை குறையும், எழுந்து நிற்கும் விளக்கில் காற்று மோதாது, கெட்டுப்போக அசையும் பாகம் இல்லை. ட்ராக்கில் மட்டும் ஓடும் கார் என்றால் யோசிக்காமல் கிட் போடலாம்.

இரவில் சாலையில் ஓடும் கார் என்றால், எனக்கு முடிவைத் தீர்த்தது ஒளியின் கோணத்தைச் சரியாக வைக்கிற விஷயம்தான். ஒளி சரியான உயரத்தில் விழ வேண்டும், ஒவ்வொரு முறை எழும்போதும் அங்கேயே விழ வேண்டும். மஸ்டாவின் அமைப்பு இதை நன்றாகவே செய்கிறது.

பக்கத்துக்கு ஒரு மோட்டார். ஒரே திசையில் சுற்றும்; அரைச் சுற்றில் விளக்கு எழும், அடுத்த அரைச் சுற்றில் படுக்கும். எழுந்த நிலையில் மோட்டாரின் கையும் (மோட்டார் தண்டில் மாட்டியிருக்கும் சிறு நெம்பு) லிங்க்கும் (அதை விளக்கோடு இணைக்கும் கம்பி) கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வந்து நிற்பதால், காற்று அழுத்தினாலும் விளக்கு தாழாது. அப்படியும் ஆடுகிறது என்றால் முதலில் மோட்டாரைச் சந்தேகிக்காதீர்கள், லிங்க் முனையில் இருக்கும் பந்து மூட்டைப் பாருங்கள். விளக்கை எழுப்பி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஒரு கையால் விளக்கை லேசாக அசைத்து இன்னொரு கையின் விரலை மூட்டில் வையுங்கள். தேய்ந்திருந்தால் உள்ளே ‘டக் டக்’ என்று இடிப்பது விரலுக்குத் தெரியும்.

பேட்டரியை எடுக்கச் சொல்வதற்குக் காரணம், விரலை நசுக்கும் அளவுக்கு அந்த மோட்டாருக்குப் பலம் உண்டு. அதன் பிறகு மோட்டாரின் ரப்பர் மூடிக்குள் இருக்கும் குமிழைத் திருகி, கையாலேயே ஏற்றி இறக்கலாம். மோட்டாரைக் கழற்றும்முன் அதன் தண்டிலும் அதில் மாட்டியிருக்கும் மோட்டார் கையிலும் சேர்த்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். மோட்டார் எங்கே நிற்க வேண்டும் என்பதை அதற்குள் இருக்கும் மின்தொடர்புத் தட்டுதான் தீர்மானிக்கிறது. மோட்டார் கையைக் கோணம் மாற்றி மாட்டினால், மோட்டார் தன் கணக்குக்கு நின்றுவிடும், விளக்கு பாதியில் நிற்கும்.

அப்புறம் வரிசை முக்கியம். முதலில் விளக்கு படுத்த நிலையில் அதன் மேல்மூடியை பானெட்டோடு சமமாக வையுங்கள். அடுத்து எழுந்த நிலையில் விளக்கு தன் தாங்கியில் (எழுந்ததும் வந்து முட்டி நிற்கும் இடம்) ஆட்டமில்லாமல் உட்காருகிறதா பாருங்கள். ஒளியைத் திருப்புவது கடைசியில்தான், ஏனென்றால் தாங்கியைத் தொட்டாலே ஒளியின் கோணமும் மாறிவிடும். சமதளத்தில் சுவரிலிருந்து 7.6 மீட்டர் தள்ளி நிறுத்தினால், டிப் ஒளியின் (எதிரே வருபவர் கண் கூசாதபடி தாழ்த்திய ஒளி) மேல் விளிம்பு விளக்கின் மையத்தைவிட 7 முதல் 8 செ.மீ. கீழே விழ வேண்டும். மேல்-கீழுக்கு ஒரு திருகு, இடம்-வலத்துக்கு ஒரு திருகு, அவ்வளவுதான்.

நிலையான கிட்டை நண்பரின் காரில் மட்டுமே பார்த்திருக்கிறேன், அதனால் எல்லா கிட்டுக்கும் சேர்த்துச் சொல்ல மாட்டேன். அந்தக் காரில் சின்ன விளக்கு குழிக்குள் தாழ்வாக உட்கார்ந்திருந்தது. திருகைத் தொடவே மேல்மூடியைக் கழற்ற வேண்டியிருந்தது. இந்தத் தாழ்வைத்தான் முதலில் அளந்து பார்க்க வேண்டும். ஐ.நா. விதி 48-ஐப் பின்பற்றும் நாடுகளில் டிப் விளக்கின் ஒளிரும் பரப்பு தரையிலிருந்து 500 மி.மீ.க்குக் கீழே வரக்கூடாது.

வேறு கார்களுக்குக் கணக்கு மாறும். போர்ஷே 944-இல் ஒரே மோட்டார் இரண்டு விளக்கையும் தூக்குகிறது, ஒரு பக்கத்தைத் தொட்டால் மறுபக்கத்தையும் சரிபார்க்க வேண்டும். பழைய லோட்டஸ் எலான், மூன்றாம் தலைமுறை கார்வெட் இரண்டிலும் விளக்கைத் தூக்குவது மோட்டார் இல்லை, எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் குழாயில் உண்டாகும் வெற்றிடம். அவற்றில் குழாய்க் கசிவைத் தேடுவதிலேயே பாதி வேலை போய்விடும். அங்கே மின் மோட்டாருக்கு மாற்றுபவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

கிட்தான் என்று முடிவெடுத்தால், இருக்கும் துளைகளிலேயே பொருந்துவதாகப் பாருங்கள், தகட்டை வெட்டாதீர்கள். கழற்றிய மோட்டார், லிங்க், மூடி எல்லாவற்றையும் இடம்-வலம் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். இந்த மாடலின் உற்பத்தி 1997-இல் முடிந்துவிட்டது. விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அந்தக் கழற்றிய பாகங்களைத்தான்.